கோடையில் பரங்கிப் பிஞ்சு உதிர்வதற்குக் காரணம் நோய் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்ததிலிருந்து எங்கள் தாராபுரம் வட்டாரத்தில் அரசாணிக்காய், அதாவது பரங்கி, பயிரிட்டவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்லி வருகிறார்கள். கொடி செழிப்பாக ஓடுகிறது, பூவும் பூக்கிறது. ஆனால் எலுமிச்சை அளவுப் பிஞ்சுகள் மஞ்சளித்து நான்கைந்து நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. இதை நோய் என்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடியவர்களுள் நானும் ஒருவன் என்பதால், அந்தச் செலவையும் மனவருத்தத்தையும் மற்றவர்கள் தவிர்க்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் அரை ஏக்கரில் விதை ஊன்றினேன். பூ வரும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. பிஞ்சு உதிர்வதாகக் கடையில் சொன்னபோது இரண்டு மருந்துகளைக் கொடுத்தார்கள்; ஆள் வைத்துக் காலை வேளையிலேயே தெளிக்கச் செய்தேன். உதிர்வு நிற்கவில்லை என்பதோடு, பூவைச் சுற்றி வந்துகொண்டிருந்த கொம்புத் தேனீக்களும் காணாமல் போயின. பிறகு ஒரு நாள், மும்முனை மின்சாரம் விடியற்காலை முறைக்கு மாறியதால், ஐந்தரை மணிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். காடு முழுவதும் பூக்கள் அகல விரிந்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எட்டரை மணிக்கெல்லாம் அவை சுருங்கி மூடிக்கொண்டன. நான் வழக்கமாகக் காட்டுக்குப் போய்ச் சேருவதோ ஒன்பது மணிக்கு.

பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன. மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே குட்டிக் காய் போன்ற உருண்டை உள்ளது பெண் பூ. முதல் ஓரிரு வாரங்களுக்குப் பெரும்பாலும் ஆண் பூக்களே வரும், அவை உதிர்வது இயல்பு. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பரங்கியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. காற்றில் பறந்து போகாது. தேனீயோ வண்டோ தூக்கிச் சென்றால்தான் பெண் பூவைச் சேரும், அதுவும் ஒரே பூவுக்குப் பலமுறை வர வேண்டும். மகரந்தம் போதாமல் போனால் பிஞ்சு உதிரும், அல்லது ஒரு பக்கம் மட்டும் பருத்துக் கோணலாகும்.

வெயில் இந்த ஏற்பாட்டைப் பல வழிகளில் குலைக்கிறது. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாமல் இருந்தால், ஆண் பூக்கள் மிகுந்து, பெண் மொக்குகள் சில விரியும் முன்பே காய்ந்துவிடுகின்றன. விரிந்த பூவிலும் மகரந்தம் விரைவில் வீரியம் இழக்கிறது. பூ திறந்திருக்கும் நேரம் குறைகிறது. தேனீக்களும் கூட்டைக் குளிர்விப்பதற்காகத் தண்ணீர் தேடிப் போய்விடுகின்றன. எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் சரியாகும் என்று சிலர் நம்புகிறார்கள். அது கொடி இளமையாக இருக்கும்போது தெளித்துப் பெண் பூக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கான வழி. பூத்த பூவில் மகரந்தம் சேராத குறையை அது தீர்க்காது.

அதன் பிறகு நான் செய்தது மிக எளிய வேலை. மாலையில் கொடிகளைச் சுற்றி வந்தால், மறுநாள் விரியப்போகும் பெண் மொக்கின் நுனி மஞ்சளாகத் தெரியும். அதன் அருகே ஒரு குச்சியை ஊன்றி வைத்துக்கொள்வேன். காலை ஆறு மணிக்குள் புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் உள்ளே இருக்கும் மூன்று மடல்களிலும் விட்டுப்போகாமல் மெதுவாகத் தடவுவேன். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூக்களுக்குப் போதும். தொட்ட பூவின் காம்பில் அடையாளத்துக்கு நூல் கட்டினேன். நூல் கட்டியவற்றில் பாதிக்கு மேல் காயாக நின்றன. மிகக் கடுமையான வெயில் அடித்த நாட்களில் தொட்டவையும் உதிர்ந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த ஆண்டு மார்கழியிலேயே விதைத்து, பூவை மாசிக்குள் வாங்கிவிட்டேன். யூரியாவைக் குறைத்ததும், வேரடியில் வைக்கோல் மூடாக்குப் போட்டு மாலையில் தண்ணீர் விட்டதும் கொடி வாடாமல் இருக்க உதவின. தேனீ வராத மொட்டை மாடிகளில் ஒன்றிரண்டு கொடி வளர்ப்பவர்களுக்கோ கையால் தொடுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

உதிரும் பிஞ்சு எல்லாம் இதனால்தான் என்றும் நான் சொல்லவில்லை. பிஞ்சைப் பிளந்து பார்த்து உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை, அதற்கான தடுப்பு வேறு. அப்போதும் மருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால், பூக்கள் மூடி, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும்.

தோட்டக்கலைத் துறை இந்தச் செய்தியை மாசி தொடக்கத்திலேயே உழவன் செயலி வழியாகவும், தங்கள் நாளிதழின் விவசாயப் பகுதி வழியாகவும் விவசாயிகளிடம் சேர்க்க வேண்டுகிறேன். மருந்துக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவரிடம், மருந்துப் பாட்டிலை எடுத்து வைக்கும் முன், அவர் தம் கொடியில் பூ விரியும் நேரத்தில் போய்ப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பரங்கி விவசாயி ஒருவர்,
தாராபுரம் வட்டம்.