யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மற்ற எல்லோருக்கும்

மீன்பிடிக்கப் போய் இலங்கைப் பக்கம் பிடிபட்டு, அங்கே சிறையில் கிடந்த தம்பி வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறான். அம்மா அரைமணிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கவனித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புகிறாள். அவள் பார்க்காத நேரத்தில் நானும் போய்ப் பார்க்கிறேன்.

எங்கே, எப்படி, எத்தனை நாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் தங்கச்சிமடத்தில் எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் அந்தக் கதை உள்ள ஒரு வீட்டில்தான் விழும். அதை மறுபடி சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஃபோன் ரிப்பேர் கடையைக்கூட இன்னும் திறக்கவில்லை.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. படகு முதலாளிக்கும் சங்கத்து ஆட்களுக்கும். மனுவை எழுதிக் கொடுத்து, எந்த மேசைக்கு எந்தக் காகிதம் என்று ஃபோனிலேயே வழிநடத்திய சென்னை வக்கீல் அண்ணனுக்கு. அம்மாவுக்குப் பிரஷர் ஏறியபோது ராத்திரி இரண்டு மணிக்கும் ஃபோனை எடுத்த மதுரை நர்ஸ் அக்காவுக்கு. வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவில் எங்களுக்காக மெழுகுதிரி ஏற்றிய பக்கத்துத் தெருப் பெண்களுக்கு. அவர்களில் பாதிப் பேர் முஸ்லிம்களும் இந்துக்களும். பணம் போட்டுவிட்டுப் பெயர் சொல்லாதவர்களுக்கு. பெயர் பெயராக எழுதினால் யாராவது விட்டுப்போகும். விட்டுப்போனவர் நாளைக்கு டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி நம் ஃபோன் குழு. வெளியாட்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பத்தொன்பது பேர். ஒருவருக்கொருவர் ஒட்டுமில்லை உறவுமில்லை, அயர்ன் மெய்டன் மட்டும்தான் எங்களை இணைத்தது. கிழக்கு லண்டனில் 1975ல் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய ஹெவி மெட்டல் பாட்டுக் கூட்டம் அது. சர்வீஸுக்கு வந்த ஒரு ஃபோனின் மெமரி கார்டில் இருந்துதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. ஃபோனைக் கொண்டுவந்தவர் திரும்பி வரவேயில்லை, பாட்டு மட்டும் தங்கிவிட்டது. குழுவில் கச்சேரியை நேரில் பார்த்தவர் ஒரே ஒருவர். 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் நின்றவர். அதை இன்றைக்கும் வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுகிறார். மற்ற எங்களுக்கெல்லாம் ஃபோன்தான் மைதானம்.

2025 அவர்களுக்கு ஐம்பதாவது ஆண்டு. மே 27 அன்று புடாபெஸ்டில் பயணத்தைத் தொடங்கினார்கள். அங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. எங்கள் ஊரில் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாத 61 நாள். தம்பி வீட்டில்தான் கிடந்தான். ஃபோன் வெளிச்சத்தில் அவன் தூக்கம் கெட, “பாடுறவனுக்குக் காசு. முழிச்சுக் கிடக்குற உனக்கு என்னடா?” என்று தலையணையால் அடிப்பான். அவனுக்கு அந்தப் பாட்டு ஆகாது. பட்டறையில் நங்கூரம் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்பான்.

அந்தப் பயணத்தைத் தொடர்வது எப்படி என்று தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். நேரலை கிடையாது. அங்கே நிற்கும் யாரோ ஒருவர், இப்போது இந்தப் பாட்டு என்று ஒரு வரி போடுவார். கொஞ்ச நேரத்தில் அடுத்த வரி வரும். பிறகு யாரோ எடுத்த நாற்பது விநாடி வீடியோ ஒன்று, ஆடிக்கொண்டு, முன்னால் நிற்பவன் தலை மறைக்க, வந்து சேரும். 17 பாட்டு. எல்லா ஊரிலும் அதே பாட்டுகள், அதே வரிசை. அடுத்தது என்ன என்று தெரிந்துகொண்டே காத்திருப்போம். அம்மா ஜெபமாலை உருட்டுவதும் அப்படித்தானே.

இந்தத் தடவை அதற்கும் ஒரு இடைஞ்சல். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள் என்று மெய்டன் தரப்பிலிருந்தே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்களுக்கென்ன, கண்ணால் பார்க்க அங்கே நிற்கிறார்கள். தங்கச்சிமடத்தில் உட்கார்ந்திருப்பவன் அடுத்தவன் ஃபோன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். இப்படிப் பெரிய வாதம் ஒன்று வைத்தேன். எதிர்வாதம் வைத்தது குழுவில் சின்னவரான யாழ்ப்பாணத்துப் பிள்ளை. “அண்ணை, ஃபோனால எடுக்கிற ஆள் ஒண்டையும் பாக்கிறேல்ல. பாத்த ஆள் வந்து சொல்லட்டும், நான் கேக்கிறன்” என்று எழுதினார். ஒரு கச்சேரிக்கும் போகாத பையன் தத்துவம் பேசுகிறான் என்று நான் கிண்டல் செய்தேன். அதற்கு முன்னும் எங்களுக்குள் உரசல் உண்டு. மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன், 2023ல் பக்கவாதம் வந்தும் தேறி வாசித்த மனிதர், 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோ கச்சேரியோடு பயணங்களை நிறுத்திக்கொண்டார். அவர் இடத்துக்கு வந்த சைமன் டாசனின் அடி எனக்குப் போதவில்லை, அந்தப் பிள்ளைக்குப் போதும். ஒரு வாரம் இதற்காகப் பேசாமல் இருந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்தது. ஜூன் கடைசியில் தம்பி பிடிபட்டான், எங்கள் வீட்டு விளக்கு அணைந்தது.

குழுவுக்குத் தெரிந்ததும் எல்லோரும் கச்சேரிப் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். மரியாதைக்காகத்தான் என்று புரிந்தது. ஆனால் அந்த இரண்டு நாள் மௌனம் என்னை மூச்சுமுட்ட வைத்தது. பாட்டு வரிசையைப் போடுங்கள் என்று நானே கெஞ்சினேன். அதற்குப் பிறகு எத்தனை மணிக்குக் கண்விழித்தாலும் யாராவது ஒருவர் வரி வரியாகப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அம்மா உள்ளே ஜெபமாலையோடு, நான் திண்ணையில் ஃபோனோடு. அந்த 17 வரிக்கு நன்றி. ஒன்பதாவது வரியில் மட்டும் தடுமாறுவேன். அது 1984ல் வந்த மாலுமிப் பாட்டு, பதின்மூன்றே முக்கால் நிமிஷம், ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜின் கவிதையிலிருந்து கட்டியது. கடற்பறவையைக் காரணமில்லாமல் கொன்ற ஒருவனின் கப்பல் நடுக்கடலில் அசையாமல் நின்றுவிடும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. பதின்மூன்றாவது இன்னும் மோசம். தூக்குமேடைக்குப் போகும் நேரத்தை அறைக்குள் உட்கார்ந்து எண்ணுகிறவனின் பாட்டு. ஒரு கட்டத்தில் பதின்மூன்றாவது வரியைப் போடாமலே பதினான்குக்குத் தாவினீர்கள். கவனித்தேன், சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஜூலை நடுவில் ஒரு சாயங்காலம் எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடமிருந்து. அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நாங்கள் இருவரும் இல்லை. ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறவர், அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, ஒரு சோப்பு, பல் துலக்கும் பிரஷ், பிஸ்கட், ஒரு சாரம் (நம்ம கைலிதான்) எல்லாம் வாங்கிக்கொண்டு சிறை வாசலுக்குப் போயிருக்கிறார். தம்பிக்குத் தன்னை யாரென்று எப்படித் தெரியும் என்று யோசித்து மெய்டன் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். மெய்டனின் சின்னமான அந்த எட்டி இருக்கிறானே, பல்லை இளிக்கும் பிணம், அவன் படம் போட்டது. வாசலில் அந்த முகத்தைப் பார்த்து முகம் சுளித்தார்களாம். அங்கேயே கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டாராம். தம்பியைக் கண்டதும் சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் மடித்துக் காட்டினாராம். தம்பி உடனே, “எங்க அண்ணன் கடையில ஒட்டியிருக்க பேயி!” என்றிருக்கிறான். பிடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தேன் என்று நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

அந்தக் குரல் பதிவு இரண்டு நிமிஷம்கூட இல்லை. எனக்கு மனப்பாடம்:

“அண்ணை, தம்பியைக் கண்டனான். சுகமா இருக்கிறார். ஃபோனை வாசல்ல வாங்கிட்டினம், அதால படம் இல்ல, குறை நினைக்காதேங்கோ. கண்டதைச் சொல்லுறன். மெலிஞ்சிட்டார், ஆனா சாப்பிடுறார். தலைமயிர் ஒட்ட வெட்டியிருக்கு. தாடி விட்டிருக்கிறார். இடக்கால் பெருவிரல்ல ஒரு காயம், காஞ்சு வருது. கழுத்தில செபமாலை இருக்கு. சிரிக்கேக்க மேல்ப் பல்லு ஒண்டு பாதி உடைஞ்சு தெரியுது. அது முந்தியே உடைஞ்சதோ, இல்லாட்டி இப்பவோ எண்டு அம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. இப்பவெண்டால் மருந்து ஏதும் குடுக்கேலுமோ எண்டு பாக்கிறன்.”

அம்மா அதுவரை அழவேயில்லை. யார் என்ன ஆறுதல் சொன்னாலும் நல்லாத்தான் இருப்பான் என்கிற பேச்சை நம்பியதில்லை. பல் என்ற வார்த்தை வந்ததும், “அது ஏழாப்பு படிக்கயில சைக்கிள்ல விழுந்து ஒடச்சது! அவந்தான்! அந்தப் புள்ள அவனத்தான் பாத்துருக்கு!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ராத்திரி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், “அந்தப் புள்ளயப் போடு” என்பாள். நான் குரல் பதிவைப் போடுவேன். கால் விரல் காயம் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் தன் காலைத் தடவிக்கொள்வாள்.

ஒரு போட்டோ வந்திருந்தால் பார்த்துவிட்டு ஐயோ இளைத்துவிட்டானே என்று புலம்பியிருப்போம், அவ்வளவுதான். ஃபோன் இல்லாத மனுஷன் இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு ஒரு தாய்க்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறான். புடாபெஸ்டில் தொடங்கிய வாதத்தில் நான் தோற்றேன். இங்கே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். (டாசன் விஷயத்தில் இல்லை. அது வேறு.)

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், எழுதக் கை கூசுகிறது. தம்பியின் படகு பற்றிப் பேச்சு வந்த ஒரு நாள் குழுவில் ஒருவர் அக்கரைக்காரர்களைக் கண்டபடி திட்டினார். அப்போது அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். “வலை எங்கட வீட்டிலயும் போனது. மாமான்ர. கடனுக்கு வாங்கினது. அது வேற கதை, அண்ணை. தம்பி வீட்ட வரட்டும், பிறகு கதைப்பம்.” அவ்வளவுதான். அடுத்த செய்தி அன்றைய கச்சேரியின் பாட்டு வரிசை, அவரே போட்டது.

தன் மாமாவின் வலையை அறுத்த மாதிரிப் படகில் பங்குக்குப் போனவனைப் பார்க்கத்தான் அவர் சாரம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தெரிந்தேதான் போயிருக்கிறார்.

எங்கள் அப்பா நாட்டுப்படகுக்காரர். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று இந்தக் கரையில் பிரித்திருப்பது ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “ராத்திரி மடி இழுத்துக்கிட்டு வருவாய்ங்க, விடிஞ்சு பாத்தா வல இருக்காது. வெட்டுக்குத்து ஆகித்தான் நாள் பிரிச்சாக” என்றார். ஆக இது புதுக் கதையில்லை. நம் கரையில் நாள் பிரித்து ஆற்றிக்கொண்ட புண், முப்பது கிலோமீட்டர் தள்ளி அந்தக் கரையில் இன்னும் திறந்து கிடக்கிறது. இலங்கையில் 2017ல் இழுவை மடிக்குச் சட்டமே போட்டுத் தடை செய்துவிட்டார்கள். இங்கே கடன், டீசல், முதலாளி, பங்கு என்று ஆயிரம் நியாயம் இருக்கிறது. எனக்கும் தெரியும், எங்கள் வீட்டு அரிசி அதில்தான் வெந்தது. ஆனால் மடியில் ஏறி வருவதில் எவ்வளவோ, கோழித்தீவனத்துக்குப் போகிற பொடிமீன். அதைக் கூடை கூடையாக அள்ளியபோது எனக்கு எந்தப் பாட்டும் ஞாபகம் வரவில்லை.

தம்பியிடம் இதைப் பேசவில்லை. அவன் தூங்கட்டும். எழுந்த பிறகு என்ன முடிவெடுப்பான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்த்திக் கிடக்கிறது, பலகை இரண்டு மாற்றினால் ஓடும். அதற்கான செலவு என்னுடையது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கடையில் ஒரு உண்டியல் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2 அன்று வார்சாவில் மெய்டனின் அந்த வருஷத்து ஐரோப்பியப் பயணம் முடிந்தது. தம்பி வந்தது அதற்கு அடுத்த வாரம். சென்னையில் விமானம் இறங்கி, வேனில் ராத்திரி முழுக்க வந்து, பாம்பன் பாலம் ஏறும்போது ஃபோன் செய்தான். வீட்டு வாசலில் இறங்கியபோது இடுப்பில் அந்தச் சாரம்தான். நம்ம ஊர்க் கைலியை விடத் துணி கெட்டி என்கிறான். அம்மா அதை அவனிடமிருந்து உருவி, துவைத்து, மடித்து, மாதா படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். யாரும் தொடக்கூடாதாம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். பிறகு கதைப்பம் என்றீர்களே, அதற்குத்தான். மாமாவும் இருக்கட்டும். அவர் சொல்லி முடிக்கிறவரை நான் வாய் திறக்க மாட்டேன்.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டித் தருவாள். கப்பலில் விடுவார்களா தெரியாது, விசாரிக்கிறேன். உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டதில் உங்கள் டி-ஷர்ட்டின் கழுத்துத் தையல் விட்டுப்போனதாகத் தம்பி சொன்னான். புதுசு ஒன்று எடுத்து வைக்கிறேன். உங்கள் அளவு எம்மா, எல்லா?