அப்பா வீடு திரும்பினார்

அன்புள்ள அனைவருக்கும்,

அப்பா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தம் கொடுக்க விடியும் முன்பே வந்து நின்ற என்.சி.சி. மாணவர்கள், பரிந்துரைக் கடிதத்துக்காக எங்களை அலையவிடாத இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் ஊழியர்கள், நீலகிரி வெலிங்டனிலிருந்து மலையிறங்கி வந்து வராந்தாவிலேயே இரவைக் கழித்த அப்பாவின் பழைய ராணுவத் தோழர்கள், வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய தெருக்காரர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள் என எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன். இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வார்டில் இரவுப் பணியில் இருந்த ஆயா அவர். பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நினைவு தடுமாறிய அந்த இரவுகளில் அப்பா உணவைத் தொடவே இல்லை. ஸ்பூனை அருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பார். இது ஆஸ்பத்திரி அப்பா, உங்கள் ஆட்கள் யாரும் இங்கே இல்லை என்று நாங்கள் மாறிமாறிச் சொன்னோம். அவர் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார். மூக்கு வழியாகக் குழாய் போடுவது பற்றிப் பேச்சு எழுந்தது.

ஆயா அவரோடு வாதாடவில்லை. "பார்த்துவிட்டு வருகிறேன், ஐயா" என்று எழுந்தார். உண்மையாகவே போனார். கட்டில் கட்டிலாக நின்று, சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொரு நோயாளியையும் விசாரித்தார். ஓரத்தில் படுத்திருந்த ஒரு பெரியவருக்குக் கஞ்சி வரவில்லை என்று தெரிந்ததும் அதை வாங்கிவந்து கொடுத்தார். பிறகு அப்பாவிடம் வந்து, "எல்லோரும் சாப்பிட்டாயிற்று ஐயா, நீங்கள்தான் பாக்கி" என்றார்.

அப்பா விடவில்லை. "வாசலில் காவலுக்கு நிற்பவன்?"

மறுபடியும் போனார். காவலாளிக்கு ஒரு டீ கொடுத்துவிட்டு வந்து அதையும் சொன்னார். அப்பா வாயைத் திறந்தார்.

அதன்பின் ஒவ்வொரு இரவும் இதுவே வழக்கமாயிற்று. அவர் ஒருநாளும் பொய்யாகச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வந்துதான் சொன்னார். அந்த வார்டில் அத்தனை பேரும் சாப்பிட்டார்களா என்று ஒருவர் தினமும் கவனித்ததும் அப்பாவின் பிடிவாதத்தால் நடந்த நல்ல காரியம்தான்.

ராணுவக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில் அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் பேசியதை இன்றும் அங்கே பயிலும் ஒவ்வொருவரின் மனத்திலும் பதியவைக்கிறார்கள். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில். நீ நடத்திச்செல்லும் ஆட்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து. உன் சொந்தச் சுகமும் பாதுகாப்பும் எப்போதும், ஒவ்வொரு முறையும், கடைசியில். அப்பா அதைப் படித்துவிட்டு மெட்ராஸ் ரெஜிமென்டின் 16-ஆவது பட்டாலியனுக்கு செகண்ட் லெப்டினன்டாக வந்தவர். ஆட்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

பாகிஸ்தானோடு நடந்த போரில் 1971 டிசம்பர் 15 இரவு, எல்லையை ஒட்டிய ஷகர்கர் பகுதியில் கண்ணிவெடிகள் புதைத்த நிலத்தைத் தாண்டி, பசந்தர் ஆற்றைக் கடந்து, சராஜ் சக் என்ற இடத்தை அந்தப் பட்டாலியன் பிடித்தது. எதிர்த்தாக்குதல்கள் தொடர்ந்தன. 17-ஆம் தேதி இரவு போர் நின்றது. மெட்ராஸ் ரெஜிமென்டின் போர்ப் பெருமைகளில் பசந்தர் ஆற்றின் பெயரும் சேர்ந்தது. அப்பாவுக்குச் சேனா பதக்கம் கிடைத்தது. பதக்கத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது மிகக் குறைவு. லங்கரிலிருந்து, அதாவது படையின் சமையற்கூடத்திலிருந்து, சூடான சாப்பாடு முன்வரிசைக்கு எப்போது வந்தது, அதைச் சாப்பிடாமலே யார் யார் போய்விட்டார்கள் என்பதைத்தான் சொல்வார். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயர்களை அவர் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் பெயர் அவருக்கு நினைவில்லாத இரவுகளிலும் அந்தப் பெயர்கள் வரிசை தப்பாமல் வந்தன.

கிளம்பும்போது ஆயாவின் கையில் கொஞ்சம் பணம் வைத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஐயாவின் ஆட்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பி வந்தார்களா, கண்ணு?"

பதக்கத்தைப் பார்க்கக் கேட்டவர்கள் உண்டு. போர்க்கதை கேட்டவர்கள் உண்டு. இதை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. இல்லை அக்கா, எல்லோரும் வரவில்லை என்றேன். என் தலையில் கைவைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உடம்பு இடம் கொடுத்தவரை டிசம்பர்தோறும் அப்பா, திரும்பி வராதவர்களின் குடும்பங்களைப் போய்ப் பார்த்துவந்தார். பிறகு அது நின்றுபோயிற்று. இந்த டிசம்பரில் நான் போகிறேன். அவரால் முடிந்தால் காரில் கூட்டிச்செல்வேன். முடியாவிட்டால் அவர் சொல்லச்சொல்ல எழுதிய கடிதங்களோடு போவேன். நான் இருக்கும்வரை இது நிற்காது. முகவரிகள் பல பழையவை. அந்த நாட்களில் 16 மெட்ராஸில் இருந்தவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ இதைப் படித்தால் அப்பாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

நன்றியுடன்,
அவர் மகள்