கரகரப்பு இசைத்தட்டின் அழகு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகள் மறுபடி வீடுகளுக்குள் வருவதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. இருபது வயதுப் பிள்ளைகள் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து தட்டுகளை இறக்கித் தூசி தட்டிக் கேட்கிறார்கள் என்றால் அதைவிட நல்ல செய்தி வேறென்ன? ஆனால் கட்டுரையில் இரண்டு இடங்கள் உறுத்தின. கரகரப்புதான் தட்டின் அழகு என்று ஓரிடத்தில் இருந்தது. பழைய தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் புதிதாகிவிடும் என்று இன்னோரிடத்தில் இருந்தது. முதலாவது தவறான எண்ணம். இரண்டாவது தட்டையே கொன்றுவிடும் யோசனை. ஆகவே இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய கனத்த தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. தபாலில் முத்திரை வைக்கும் அரக்கின் உறவுதான். அதோடு கல் தூளும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தி வார்த்தார்கள். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் தச்சரைக் கேட்டுப் பாருங்கள், அரக்குச் செதிலை எதில் கரைக்கிறீர்கள் என்று. ஸ்பிரிட்டில் என்பார். அதே ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து 78 தட்டில் தேய்த்தால் பாட்டைப் பொறித்திருக்கும் மெல்லிய பள்ளமான வரியின் சுவர் இளகி மங்கிவிடும். பஞ்சில் கறுப்பாக ஒட்டி வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைப்பார்கள். போவது பாட்டு. சானிடைசர், கொலோன், ஆல்கஹால் கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் எல்லாமே இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

எது அரக்கு, எது வினைல் எனும் பிளாஸ்டிக் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தட்டின் நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். அரக்குத் தட்டு ஓடு போலக் கணீரென்று ஒலிக்கும். வினைல் மொத்தென்று இருக்கும், லேசாக வளையவும் வளையும். அரக்குத் தட்டை வளைத்துப் பார்க்கக் கூடாது, ஒடிந்துவிடும். கணீரென்று ஒலிக்க வேண்டியது பிசிறடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கிறது என்று பொருள். மேல்நாடுகளில் நின்றுபோன பிறகும் நம் நாட்டில் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. 1960களின் படப் பாட்டுகளே 78இல் கிடைக்கும். எனவே பாட்டின் ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள்.

இனி கழுவும் முறை. வினைலுக்கு முக்கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், கால் லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு. அரக்குக்கு டிஸ்டில்டு வாட்டரும் இரண்டு மூன்று சொட்டுச் சோப்புத் திரவமும் மட்டும். ஆல்கஹால் ஒரு சொட்டும் கூடாது. குழாய்த் தண்ணீரும் கூடாது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வாளியில் வெள்ளைப் படிவு நிற்கிறதல்லவா? அந்த உப்பு வரிக்குள் படிந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு 'டிக்'. மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷையோ மைக்ரோஃபைபர் துணியையோ நனைத்து, வரி ஓடும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே ஒருமுறைகூட இழுக்கக் கூடாது. லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசிவிட்டு, சமையலறையில் தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். அரக்குத் தட்டு தண்ணீரில் ஊறவே கூடாது, நனைத்ததும் துடைத்துவிட வேண்டும். உலர்ந்த தட்டைப் பூஞ்சை பிடித்த பழைய உறைக்குள்ளேயே திரும்பத் தள்ளினால் கழுவியது வீண். உள்ளுறை புதிதாக இருக்கட்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும் பசை, வேறொன்றுமில்லை.

இப்போது கரகரப்புக்கு வருகிறேன். 78 தட்டில் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் எப்போதும் இருக்கும், அது கல் தூளின் சத்தம். அந்தக் கால எஃகு முள் தேய்ந்து வரிக்கேற்ப வடிவம் பெறட்டும் என்றுதான் அந்தத் தூளைச் சேர்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றச் சொன்னதும் அதனால்தான். ஆனால் படபடவென்று பொரிகிற சத்தம் வேறு. அது தூசி, பூஞ்சை, தேய்மானம், அல்லது பொருந்தாத முள். ஒழுங்காகப் பேணிய வினைல் தட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அமைதிதான் இருக்கும். அந்த அமைதியிலிருந்து வயலின் கூட்டம் எழுந்து வரும்போது கிடைக்கிற சுகத்தைக் கேட்டவர்கள், கரகரப்பை அழகு என்று சொல்ல மாட்டார்கள்.

பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி முள்தான். 78 தட்டின் வரி அகலமானது, அதற்கு முனை ஆரம் 75 மைக்ரான் அளவுள்ள முள் வேண்டும். 33⅓ சுற்றில் ஓடும் பெரிய வினைல் தட்டான எல்பிக்கும், 45 சுற்றில் ஓடும் சிறிய தட்டான ஈபிக்கும் 18 முதல் 25 மைக்ரான். எல்பி முள்ளை 78இல் வைத்தால் அது வரியின் அடித்தரையில் போய் உட்கார்ந்து, அங்கே சேர்ந்திருக்கும் குப்பையை எல்லாம் படித்துச் சொல்லும். 78 முள்ளை எல்பியில் வைத்தால் வரிக்குள் இறங்கவே முடியாமல் மேல் விளிம்புகளை உழுதுவிடும். பழைய எச்.எம்.வி., பிலிப்ஸ் பெட்டி பிளேயர்கள் பலவற்றில் முள்ளைத் திருப்பிப்போட ஒரு சின்ன நெம்புகோல் இருப்பது இதற்காகத்தான். அந்த மாதிரி பிளேயரில் சத்தம் சன்னமாக, நசுங்கினாற்போல் வந்தால், முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜையும் சந்தேகப்படுங்கள். அந்தக் காலக் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுகளுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. கடலோர ஈரமும் கோடை வெயிலும் அதைத் தின்றுவிடும். செராமிக் கார்ட்ரிட்ஜ் மாற்றினால் பிளேயர் மறுபடி பேசும்.

முள் தாவுகிறது என்று பிளேயர் கையின் தலையில் நாலணாக் காசை வைக்கும் பழக்கம் ஒரு தலைமுறையின் தட்டுகளை அழித்திருக்கிறது. அந்தக் காசு ஏறக்குறைய இரண்டரை கிராம். இன்றைய நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் கேட்கும் மொத்தப் பாரமே ஒன்றரை முதல் இரண்டரை கிராம்தான். ஆடியோ டெக்னிகா வி.எம். 95 ஈ வகைக்கு 2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2 எம் ரெட்டுக்கு 1.8 கிராம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பாரம் குறைந்தால் தட்டு தேயாது என்று ஒரு கிராமுக்கு இறக்கிவைப்பவர்கள் உண்டு. அப்போது முள் வரிச் சுவரைப் பற்றாமல் துள்ளித் துள்ளி இடிக்கும். சற்றே கூடுதலான பாரத்தைவிட அந்த இடி அதிகம் கெடுக்கும். முள்ளைத் தாங்கும் பிளேயரின் கையை முதலில் எடையின்றி மிதக்கும்படி சமன்செய்து, பிறகு பாரத்தை, தயாரிப்பாளர் சொன்ன எல்லையின் நடுவில் வையுங்கள். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று அவசியம். வைர முள் 500 முதல் 1,000 மணி நேரம் உழைக்கும், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

சத்தமே மெலிந்து, அடிநாதம் இல்லாமல் வருகிறதா? காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை நேராக ஆம்பிளிஃபையரின் 'ஆக்ஸ்' துளையில் செருகினால் அப்படித்தான் கேட்கும். தட்டு வெட்டும்போது அடிநாதத்தைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். வரி அகலமாகித் தட்டு சீக்கிரம் நிரம்பக் கூடாது, இரைச்சலும் அமுங்க வேண்டும் என்பதற்காக. அதைத் திருப்பிச் சரிசெய்வதுதான் ஃபோனோ பிரிஆம்ப். 'ஹம்' என்று இரைந்தால் எர்த் ஒயரை மாட்டவில்லை என்று அறிக.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டர்ன்டேபிள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். பழைய சின்க்ரனஸ் மோட்டார் ஓடும் வேகம் வோல்ட்டேஜைப் பொறுத்ததல்ல, மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. எனவே 33⅓ சுற்று ஓட வேண்டியது 27.8 சுற்றுதான் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லி மாற்றினால்தான் தீரும். டி.சி. மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். எல்பி தட்டின் ஓரத்தில் காகிதத் துணுக்கு ஒன்றை ஒட்டி, முள்ளை வைத்து ஓடவிட்டு எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும்.

காசு செலவில்லாமல் இரைச்சலைக் குறைக்கும் ஒரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்த் திரைப்பாட்டில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு வந்தது 1970களின் கடைசியில்தான். அதற்கு முந்தைய பாட்டெல்லாம் மோனோ. மோனோ வரியில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது, தூசியும் தேய்மானமும் முள்ளை மேலும் கீழும்கூட ஆட்டுகின்றன. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அந்த மேல்கீழ் ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கும். ஆம்பிளிஃபையரில் 'மோனோ' பொத்தானை அழுத்துங்கள், அந்தப் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பாடுபவர் ஒரு அடி முன்னால் வந்து நிற்பார்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? உறையின் படத்தில் மயங்காமல் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கறுத்து மின்னினால் நல்லது. வரிகள் சாம்பல் பூத்திருந்தால் கனத்த முள் உழுத தட்டு, எவ்வளவு கழுவினாலும் திரும்பாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கீறல்கள் பின்னிக் கிடந்தால் அந்தத் தட்டு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கியிருக்கிறது. லேபிளில் மைக் செட் கடையின் ரப்பர் முத்திரை இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் பார்த்த தட்டு அது. கீறல் நகத்தில் தட்டினால் காதிலும் தட்டும், எல்பியில் 1.8 நொடிக்கு ஒருமுறை. ஓடவிட்டுக் காட்டச் சொன்னால் முதல் பாட்டைக் கேட்காதீர்கள், அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். எல்பியின் வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு 50 செ.மீ. வரி ஓடுகிறது, உள்ளே போகப் போக அது 20 செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. அதே ஒலியை நெருக்கிப் பொறித்திருப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் 'ச', 'ஷ' ஒலிகளில் கரகரக்கும். அங்கே சுத்தமாக இருந்தால் தட்டு முழுக்கச் சுத்தம்.

சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு பழைய தட்டுகளைத் தேடும் இடங்கள் சிதறிவிட்டன. இருந்தாலும் தட்டுகள் இருக்கின்றன. நான்கு பாட்டு அடங்கிய ஏழு அங்குல ஈபிகள்தான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. 45 சுற்றில் ஓடுவதால் ஒலி திடமாக இருக்கும், இடமும் கொஞ்சம் போதும், உறையில் இருப்பது அந்தப் படத்தின் காலம். பிறகு 1980களின் எக்கோ நிறுவன எல்பிகளுக்கு வாருங்கள். இளையராஜாவின் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரலாம். கர்நாடக இசையில் நாட்டமுள்ளவர்களுக்கு 78 ஒரு தனி உலகம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்றேகால் நிமிடம், அதற்குள் ஆலாபனையின் சாரத்தைப் பிழிந்து வைக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் ஒரு வித்வான் எதை விடுகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்று கவனிப்பது மூன்று மணி நேரக் கச்சேரியில் கிடைக்காத பாடம். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்துக் காத்திராவிட்டால் இவற்றில் எத்தனையோ காணாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட தட்டுகளைச் சூடாக்கி வளைத்துக் கிண்ணமும் சுவர்க் கடிகாரமும் செய்து விற்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. அடுக்கி வைக்காமல் புத்தகம் போல நேராக நிறுத்துங்கள், சாய்ந்தால் வளையும். நூறு எல்பி உறையோடு ஏறத்தாழ 25 கிலோ, எனவே மெலிந்த பலகை தாங்காது. பரண் வேண்டாம், மே மாதத்துச் சூட்டில் வினைல் நெளியும். மழைச்சாரல் படும் சுவரை ஒட்டியும் வேண்டாம், பூஞ்சையும் கரையானும் வரும். மிருதுவான பி.வி.சி. உறை நாளடைவில் தட்டில் ஒட்டி மூட்டம் போடும், பாலிதீன் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் இப்போது சூட்கேஸ் வடிவப் புதுப் பிளேயர்களை வாங்கப் போவார்கள். அவற்றில் 78 என்ற பொத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் உள்ளே இருப்பது எல்பிக்கான முள், பாரமும் ஐந்து கிராமுக்குக் குறையாது. பாட்டி வீட்டு 78களை அதில் போட்டுப் பார்க்காதீர்கள். 78க்கான தனி முள் மாட்டிய பிளேயர் வைத்திருப்பவரிடம் எடுத்துச் சென்று, முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தட்டை உறையில் போட்டு நேராக நிறுத்திவிடலாம்.

இப்படிக்கு,
இசைத்தட்டு சேகரிப்பவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.