செயலாளரின் ஆண்டறிக்கை: வளையப் பாவாடைத் தையல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் தவிர எல்லா மாதமும் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பழைய ஐரோப்பிய உடைகளில் மூன்று காலத்து வளையப் பாவாடைகளைத் தைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மூன்றும் தயார். பாவாடையை வட்டமாக விரித்து நிறுத்த உள்ளே எந்தப் பட்டையை வைப்பது என்பதில்தான் ஆண்டின் பாதி போனது.

முதலாவது, 16ஆம் நூற்றாண்டின் ஃபார்திங்கேல். ஸ்பெயினில் இதை வெர்துகாதோ என்பார்கள்; இளங்கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தப் பெயருக்கு ஏற்ப நாமும் பிரம்பையே எடுத்துக்கொண்டோம். தண்ணீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டிக் காயவிட்டால் வட்டம் அப்படியே நிற்கிறது. விலையும் குறைவு.

அடுத்தது, இடுப்பின் இரு பக்கமும் அகன்று நிற்கும் 18ஆம் நூற்றாண்டின் பானியர். அன்று அதற்குப் பிரம்பும் திமிங்கில எலும்பும் போட்டார்கள். எலும்பு என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் அது திமிங்கிலத்தின் வாயில் தொங்கும் பலீன் தகடு, நம் நகம் எதனால் ஆனதோ அதனால் ஆனது. அதற்காக எத்தனை திமிங்கிலங்களைக் கொன்றார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. நாம் அதற்கு மாற்றாக வரும் பிளாஸ்டிக் பட்டையை வைத்தோம், நன்றாகவே இருக்கிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், நெளிந்துவிடும்.

மூன்றாவதான, 19ஆம் நூற்றாண்டின் கிரினோலின்தான் நம்மைப் படுத்தியது. முதலில் அந்தப் பெயர் குதிரைமயிர் கலந்த விறைப்பான துணிக்குத்தான். அந்தத் துணியில் தைத்ததன் மேல் இன்னும் பல உள்பாவாடைகளை அடுக்கிச் சுமந்தார்கள் பெண்கள். 1856இல் எஃகு வளையக் கூண்டுக்குக் காப்புரிமை வந்தபின் அந்தச் சுமை குறைந்தது. செலவைக் குறைக்கலாம் என்று நாம் வளையத்துக்குக் கேபிள் டை, அதாவது ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, வாங்கினோம். பருத்திப் பாவாடைக்குத் தாங்கியது; வெல்வெட்டை மேலே போட்டதும் வட்டம் சப்பி முட்டை வடிவமாகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துத் துணி சுற்றிய ஸ்பிரிங் எஃகுப் பட்டையை மாட்டினோம். உட்கார்ந்து எழுந்தாலும், கதவிடுக்கில் நசுங்கினாலும் சட்டென்று விரிகிறது. இனி கனமான துணிக்கு இதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுருள் எஃகு, இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கோர்செட் உள்ளுடைக்குச் சரி. எல்லாப் பக்கமும் வளைவதால் பெரிய வட்டத்துக்கு ஆகாது.

அப்புறம், வெட்டிய முனைகளுக்கு மூடி போடாமல் விட்டதில் இரண்டு நாடாக்கள் கிழிந்தன. துவைக்கும் முன் எஃகை உருவி எடுத்துவிடுங்கள், துருப்பிடிக்கும்.

தன் வீட்டுக் கூடத்தை ஆண்டு முழுக்க நமக்கு ஒழித்துத் தந்த உறுப்பினருக்கு மனமார்ந்த நன்றி. மீதமுள்ள 9 மீட்டர் எஃகுப் பட்டை என்னிடம் இருக்கிறது. கிரினோலின் தைக்க நினைப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் அளவோடு வாருங்கள், வெட்டித் தருகிறேன்.

செயலாளர்