காரா பன்னும் ஹாசன் தமிழும்

மயிலாப்பூர், சென்னை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் திங்களன்று கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

அவளை அழைத்து வரும் வழியில் தெருமுனை ஐயங்கார் பேக்கரியில் தினமும் நிற்க வேண்டியிருக்கிறது. நேற்று நாங்கள் போன நேரம், காரா பன் தட்டு அப்போதுதான் அடுப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. வெங்காயமும் கறிவேப்பிலையும் வெந்த அந்த வாசனை! மேல்தோல் செம்பழுப்பாக மினுங்கியது. பிட்டால் உள்ளே பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் பொடிப்பொடியாகத் தெரிந்தன. கல்லூரி விட்டதும் திருவல்லிக்கேணியில் ஒன்றை வாங்கி இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை எப்போதும் என் கையில் வைப்பாயே, அது நினைவுக்கு வந்தது.

கடைக்காரர் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். தமிழாகவும் இருந்தது, கன்னடமாகவும் இருந்தது. கேட்டேன். கர்நாடகத்தில் ஹாசன் பக்கத்து ஹெப்பார் ஐயங்காராம். வீட்டில் பேசுவது ஹெப்பார் தமிழாம். 12ஆம் நூற்றாண்டில் ராமானுஜர் கன்னட நாட்டு மேல்கோட்டையில் தங்கியிருந்த காலத்தோடு தங்கள் வழிவழிக் கதையைச் சேர்த்துச் சொல்பவர்கள் அவர்கள். இத்தனை தலைமுறை கன்னட நாட்டில் வாழ்ந்தும் அடுப்படியில் தமிழை விடவில்லையே என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்தப் பேக்கரிகளுக்கெல்லாம் மூலம் பெங்களூரு சிக்பேட்டை. ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த திருமலாச்சாரும் அவர் சகோதரர்களும் அங்கே இனிப்புக் கடை வைத்திருந்தார்கள். வாடிக்கையாக வந்த ஓர் ஆங்கிலேயர் ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அப்படித்தான் 1898இல் பி.பி. பேக்கரி, அதாவது பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி, பிறந்தது. முட்டை தொடாத குடும்பம் என்பதால் செய்த பண்டமெல்லாம் முட்டை இல்லாமலே. நம் அம்மாக்கள் தயங்காமல் பேக்கரி வாசலை மிதித்தது அதனால்தான். ஆசாரம் பார்த்தால் வெங்காயமும் ஆகாது. ஆனாலும் வடைக்குப் போடுகிற சாமான்களையெல்லாம் வெள்ளைக்காரன் ரொட்டிக்குள் வைத்தார்கள் பார், அந்தத் துணிவை நான் கும்பிடுகிறேன்.

கடைக்காரர் உள்ளே அழைத்துக் காட்டினார். மைதாவில் ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, மாவு உப்பி இரண்டு மடங்கான பிறகுதான் வெங்காயத்தைப் போடுகிறார்கள். முன்னாலேயே போட்டால் அது நீர் விட்டு மாவு நெகிழ்ந்துவிடும். உருட்டித் தட்டில் அடுக்கி, மறுபடி உப்பவிட்டு அடுப்பில் வைக்கிறார்கள். சூடு தணியுமுன் மேலே வெண்ணெய் தடவுகிறார்கள். தோல் மெத்தென்று இருக்க அதுவே வழி.

மார்கழிக் கச்சேரிக்கு வருவதாக எழுதியிருந்தாய். ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல். பன்னை நடுவில் வகிர்ந்து வெண்ணெய் தடவி, காங்கிரஸ் கடலை என்கிற கார வேர்க்கடலை வைத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பெரிய பாதி உனக்கு.

என்றும் உன் நண்பன்