தடுப்பூசி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேரியா தடுப்பூசிகள் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, புணேயில் தயாராகும் ஆர்21 தடுப்பூசி ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பெரும் வரம்தான். ஆனால், அது மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளில் ஒன்றான ஃபால்சிபாரத்துக்கு எதிராக உருவாக்கப்பட்டது என்பதையும், சென்னையில் பெரும்பாலும் காணப்படுவது, கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் காய்ச்சலைக் கிளப்பும் வைவாக்ஸ் வகை என்பதையும் குறிப்பிட்டிருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வைவாக்ஸ் கண்டபோது, கல்லீரலில் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணியை அழிக்க 14 நாள் சாப்பிட வேண்டிய பிரைமாகுயின் மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டு (தவறு என்னுடையதே), மூன்றாம் மாதம் மீண்டும் குளிர்நடுக்கத்தில் படுத்தேன். ஆகவே, வைவாக்ஸுக்கான தடுப்பூசி ஆய்வுகளுக்குக் கூடுதல் நிதி ஒதுக்குவதோடு, மாத்திரை முடியும்வரை நோயாளிகளைத் தொலைபேசியில் விசாரிக்கும் பொறுப்பை மாநகராட்சி சுகாதாரப் பணியாளர்களிடம் ஒப்படைக்கலாம்.

- வாசகர் ஒருவர், பெரம்பூர், சென்னை