லேப்காரங்களுக்கு ஒரு மடல்: அம்மாவோட கிரியேட்டினின் 1.1 நார்மலா?

லேப் வச்சிருக்கறவங்களுக்கும், 'சீனியர் சிட்டிசன் பேக்கேஜ்' போட்டு போர்டு வைக்கறவங்களுக்கும் வணக்கம்.

திட்டறதுக்காக எழுதல, ஒரே ஒரு விஷயம் கேக்கணும். எங்கம்மாவுக்கு 72 வயசு, ஒல்லியான உடம்பு, பதினஞ்சு வருஷமா பி.பி. மாத்திரை. போன தடவை உங்கள மாதிரி ஒரு லேப்ல பேக்கேஜ் எடுத்தோம். ஏழு பக்கம் ரிப்போர்ட், கலர் கலரா. கிரியேட்டினின் 1.1, பக்கத்துல 0.6 - 1.2ன்னு ரேஞ்ச், போல்டு இல்ல, ஸ்டார் இல்ல. 'கிட்னி சூப்பர்'னு நாங்களும் ஃபைல மூடி பீரோவுல வச்சுட்டோம், அம்மா பாட்டுக்கு முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக் வாங்கி முழுங்கிட்டு இருந்தாங்க.

கிரியேட்டினின் தசையிலருந்து வர்ற கழிவு. வயசாகி தசை கரைஞ்சா அது ரத்தத்துல சேர்றதே குறைஞ்சிடும், அதனால கிட்னி பாதி வேலைதான் செய்யுதுன்னாலும் நம்பர் சாதுவா உக்காந்திருக்கும். அதுக்குத்தான் இ.ஜி.எஃப்.ஆர்.னு ஒரு கணக்கு இருக்கு, கிட்னி நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்றது. 2021ல வந்த ஃபார்முலாவுல போட்டா, அதே 1.1 ஒரு 25 வயசு பையனுக்கு 95க்கு மேல வருது, எங்கம்மாவுக்கு 53. 60க்கு கீழ மூணு மாசத்துக்கு மேல நின்னா அது நாள்பட்ட கிட்னி நோய்னு டாக்டருங்க கணக்கு. ஒரே நம்பர், ரெண்டு வேற வேற கிட்னி, ஆனா உங்க ரிப்போர்ட்ல ரெண்டு பேருமே நார்மல்! இந்தக் கணக்குக்கு வேணுங்கறது கிரியேட்டினின், வயசு, ஆணா பெண்ணா, அவ்ளோதான். மூணுமே உங்க பில்லுலயே இருக்குங்க. கெமிக்கல் வேணாம், மிஷின் வேணாம், சாஃப்ட்வேர்ல ஒரு வரி சேத்தா போதும். சில லேப்ல போடறாங்க, அவங்களுக்கு நன்றி.

ரெண்டாவது, யூரின். ரொட்டீன் டெஸ்ட்ல ப்ரோட்டீன் 'நில்'னு, அதாவது இல்லன்னு வந்துச்சு. கிட்னி கெட்டா யூரின்ல ஒழுகற ப்ரோட்டீன் பேரு அல்புமின். நில்னு சொன்னா அல்புமின் நின்னுடுமா என்ன? அந்தக் குச்சி டெஸ்ட்ல கொஞ்சமா ஒழுகறது தெரியாது, நிறைய தண்ணி குடிச்சுட்டு போனா இன்னும் ஏமாத்தும். யூரின் அல்புமின்-கிரியேட்டினின் ரேஷியோ, ஏ.சி.ஆர்., அதுதான் சரியா காட்டும். தனியா எடுத்துப் பாத்தா அம்மாவுக்கு 140, முப்பதுக்குள்ள இருக்கணும்.

இந்த நம்பர் எதுக்குன்னு கேப்பீங்க. 2010ல லான்செட்ல வந்த பெரிய ஆய்வு, ஏ.சி.ஆர். பாத்தவங்க மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. ஏ.சி.ஆர். 5 இருக்கறவங்களோட ஒப்பிட்டா 30 இருக்கறவங்களுக்கு சாவு ரிஸ்க் சுமார் 1.6 மடங்கு, 300ல 2.2 மடங்கு. அதுல நிறைய பேர் டயாலிசிஸ் வரைக்கும் போறதே இல்ல, அதுக்கு முன்னாடியே ஹார்ட்டு, ஸ்ட்ரோக்னு போயிடறாங்க. கிட்னிங்கற பேரே சர்டிபிகேட்ல வராது.

'வயசானா கிட்னி இறங்கத்தான் செய்யும், பெருசுங்கள ஏன் பயமுறுத்தறீங்க'ன்னு ஒரு கேள்வி வரும். நியாயம்தான். அல்புமின் இல்லாம 50, 55ல நிக்கிற தாத்தாவுக்கு பெரும்பாலும் பெரிய பயம் இல்ல, அதனாலதான் ரெண்டையும் சேத்துப் பாக்கணுங்கறேன். ஆனா 2012ல 20 லட்சம் பேருக்கு மேல வச்சுப் பாத்த ஆய்வுல, வயசானவங்களுக்கு மடங்குக் கணக்குல ரிஸ்க் கம்மியா தெரிஞ்சாலும் கூடுதலா போற உயிர் எண்ணிக்கை அவங்க பக்கம்தான் அதிகம்னு வந்துச்சு. ரொம்ப ஒல்லியா இருக்கறவங்களுக்கு சிஸ்டாட்டின் சி-ன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, தசையை அவ்வளவா நம்பாதது. காஸ்ட்லி, அதை எல்லாருக்கும் போடுங்கன்னு கேக்கல.

தெரிஞ்சா செய்யறதுக்கு வழியும் இருக்கு. டாக்டர் முதல்ல கிட்னிய பாதிக்கற அந்த வலி மாத்திரைய நிறுத்தினார், பி.பி.க்கு அல்புமின் ஒழுகறதையும் குறைக்கற டெல்மிசார்டன் மாத்தினார், ரெண்டு வாரத்துல பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாக்கச் சொன்னார். கிட்னியக் காப்பாத்தற டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரைலாம் 2020க்கு அப்புறம் ஜெனரிக்ல வந்து விலை இறங்கிடுச்சு. அதுவும் சொல்லிருக்கார், அடுத்த விசிட்ல பாக்கலாம்னு.

உங்க பேக்கேஜ்ல 80 டெஸ்ட்டுன்னு போட்டிருக்கு, அதுல இருபது சி.பி.சி.ங்கற ஒரே ரத்த அணு டெஸ்ட்டோட உதிரிக் கணக்கு, அதை விடுங்க. அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்க பேக்கேஜ்ல ஏதாவது ஒண்ண எடுத்துட்டு ஏ.சி.ஆர். வைங்க, கிரியேட்டினினுக்குக் கீழ அந்த ஒரு வரிய அடிங்க. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தா ஏ.சி.ஆர். தப்பா ஏறும், சரியானப்புறம் மறுபடி எடுக்கணும்னு சின்னதா ஒரு குறிப்பும் போட்டா புண்ணியமா போகும்.

அம்மாவுக்கு அடுத்த மாசம் மூணு மாச ரிப்பீட்டு. கூட்டிட்டு வருவேன், கவுண்டர்ல இந்த ரெண்டையும் பேர் சொல்லிக் கேப்பேன். 'அது பேக்கேஜ்ல வராது மேடம்'னு மட்டும் சொல்லிடாதீங்க.

இப்படிக்கு,
ஏழு பக்க ரிப்போர்ட்ட பீரோவுல பூட்டி வச்ச ஒரு மக